ஆதிலட்சுமியில் ஏறியவர்கள்

நமுனுகுல மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கும் மேலே. அதன் சரிவுகளில், கனவரல்லையிலும் பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலும் கொழுந்து பறிக்கும் குடும்பங்களின் முன்னோர் கடல் தாண்டி வந்தவர்கள். அந்தக் கடல் எல்லோரையும் கரை சேர்க்கவில்லை.

1864இல் ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிவரும் வழியில் மூழ்கியது. அதில் வந்த தொழிலாளர் 120 பேர். நம் வரலாற்று நூல்களில் இச்செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆண்டு, கப்பலின் பெயர், ஆட்தொகை. எந்த ஊர்க்காரர்கள், எந்தக் கங்காணியின் ஆட்கள், தாயின் இடுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று அந்த வரி சொல்வதில்லை.

அதே நூற்றாண்டில் மூழ்கிய இன்னொரு கப்பலை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவிலிருந்து திமிங்கில வேட்டைக்குப் போன ‘எசெக்ஸ்’. அந்நாளில் மேல்நாட்டு விளக்குகள் பல திமிங்கில எண்ணெயில்தான் எரிந்தன. 1820 நவம்பர் 20 அன்று பசிபிக்கின் நடுவே ஒரு பெரிய திமிங்கிலம் கப்பலின் முகப்பில் இருமுறை மோதி அதை உடைத்தது. 20 பேர் மூன்று படகுகளில் இறங்கினார்கள். வழியில் ஆளில்லாத தீவொன்றில் மூவர் தங்கிவிட, மற்றவர்கள் மேலே போனார்கள். உணவு தீர்ந்ததும் இறந்த தோழர்களின் உடலைத் தின்றார்கள். ஒரு படகில் சீட்டுப் போட்டு, சீட்டு விழுந்த இளைஞனைச் சுட்டுக் கொன்றார்கள். கடைசிப் படகை இன்னொரு கப்பல் கண்டெடுத்தபோது மூன்று மாதம் கடந்திருந்தது. தீவில் தங்கியவர்களையும் சேர்த்துப் பிழைத்தவர்கள் 8 பேர். தலைமைத் துணை அதிகாரி ஓவன் சேஸ் 1821இலேயே அதைப் புத்தகமாக்கினார். ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலுக்கு அது ஒரு தூண்டுகோல்.

எசெக்ஸின் கறுப்பின மாலுமிகள் ஆறு பேரில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. ஆனாலும் லோசன் தோமஸ், சார்ள்ஸ் ஷோர்ட்டர் என்று அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியும். திமிங்கில வேட்டையில் மாலுமிக்குக் கூலி கிடையாது, கிடைக்கும் எண்ணெயில் பங்குதான். பங்கு பிரிக்கப் பெயர் வேண்டும். நம்மவர்களுக்கோ, தோட்டத்துக்கு வந்து ‘பேர் பதிந்த’ பிறகுதான் கணக்கே தொடங்கும். வழியில் செத்தவர் பேர் பதியுமுன் செத்தவர். ஆதிலட்சுமி ஒற்றை வரியானதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் பலர் அறுவடைக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். ஆகவே கடல் ஒரு முறையோடு முடிந்ததில்லை. போகவும் வரவும் தோணியை நம்ப வேண்டும்.

கரையேறியவர்களுக்கும் நிம்மதி இல்லை. எசெக்ஸ்காரர்களுக்கு நிலம் கண்ணில் பட்டால் உயிர் மீண்டது போல. நம் மக்களுக்கு மன்னாரில் கால் வைத்த பிறகுதான் சாவு அதிகம். காட்டு வழியே மாத்தளை வரை நடை, குடிக்க ஊறணித் தண்ணீர், வாந்திபேதி, காய்ச்சல். 1841 முதல் 1849 வரை 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை அன்றே கணக்கிட்டது. ஊவாவுக்கு வர வேண்டியவர்கள் மாத்தளைக்குப் பிறகும் மலை மலையாக ஏறி இறங்கினார்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான்.

2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மலையக மக்கள் வந்த 200 ஆண்டு நினைவான ‘மலையகம் 200’ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர்கள் அந்தப் பாதையை மீண்டும் நடந்தார்கள். அப்படியே ஆதிலட்சுமிக்கும் கடலோரத்தில் ஒரு நாள் குறித்து 120 பேருக்கும் விளக்கேற்றலாம். தோட்டப் பாடசாலைகளில் அந்த ஒற்றை வரியைப் பிள்ளைகளுக்கு விரித்துச் சொல்லலாம்.

அடுத்த வாரம், ஆதிலட்சுமி மூழ்கிய ஐந்தாம் ஆண்டில், 1869இல், மடுல்சீமைக் கோப்பி இலைகளில் முதன்முதலாகக் காணப்பட்ட மஞ்சள் புள்ளிகளின் கதை.

(தொடரும்)