ஒழுங்கான துடிப்பு

1912-ல் வெங்கபாக் என்ற டாக்டரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். அவ்வப்போது நாடி தாறுமாறாக ஓடும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் என்னால் சரிசெய்ய முடியாது என்றார் டாக்டர். நான் வியாபாரி, எனக்கு எல்லாவற்றிலும் ஒழுங்கு வேண்டும், நானே சரிசெய்து காட்டுகிறேன் என்று போனவர் மறுநாள் காலை சீரான நாடியோடு வந்து நின்றார். (லெட்ஜரோடு மல்லுக்கட்டும் எனக்கு இந்த மனுஷரை ரொம்பப் பிடித்துவிட்டது!) அவர் விழுங்கியது ஒரு கிராம் கொய்னா. அதேதான், மலேரியாவுக்குக் கொடுப்பார்களே, அது.

வெங்கபாக் இதை 1914-ல் எழுதிவைத்தார். 1918-ல் ஃப்ரை என்பவர், அதே சிங்கோனா பட்டையிலிருந்து வரும் குவினிடின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று கண்டார்.

சோடியம் அயனிகள் இதயச் செல்லுக்குள் சரேலென்று நுழையும்போதுதான் துடிப்புக்கான மின்சாரம் கிளம்புகிறது. இந்த மருந்துகள் அந்த வாசலைக் கொஞ்சம் அடைக்கின்றன. மின்சாரம் மெதுவாகப் பரவும், தப்பான இடத்தில் கிளம்பும் துடிப்புகள் அடங்கும்.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில், இப்படிக் கூடுதல் துடிப்புகள் இருப்பவர்கள் திடீரென்று இறப்பது அதிகம். அப்படியானால் துடிப்புகளை அடக்கினால் ஆள் பிழைப்பார் அல்லவா? 1980-களில் அமெரிக்க டாக்டர்கள் நம்பியது இதைத்தான். ஃப்ளெகெய்னைட், என்கெய்னைட் என்ற புது மாத்திரைகள் ஈசிஜியைத் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக்கின.

1987-ல் 'காஸ்ட்' என்ற பெரிய பரிசோதனை தொடங்கியது. மாத்திரை யாருக்குத் துடிப்பை அடக்கியதோ அவர்களை மட்டும் எடுத்து, பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு டம்மி மாத்திரை. டம்மி கொடுப்பது அநியாயம் என்றுகூடச் சில டாக்டர்கள் சொன்னார்கள்.

1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்தினார்கள். 1991-ல் வெளியான கணக்கைப் பாருங்கள். சராசரி பத்து மாதத்தில், மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். டம்மி சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்.

மாரடைப்பு வந்த இதயத்தில் தழும்பு இருக்கிறது. மருந்தால் மெதுவான மின்சாரம் அந்தத் தழும்பைச் சுற்றிவர, அதற்குள் முன்னால் இருக்கும் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகிவிடுகிறது. சுற்று நிற்பதே இல்லை. எந்த வேகத்தைக் குறைத்து நல்லது செய்ததோ, அதே குறைப்புதான் ஆளைக் கொன்றது.

என்கெய்னைட் 1991-ல் கடையை விட்டே போனது. ஃப்ளெகெய்னைட் இன்றும் உண்டு, தழும்பில்லாத இதயங்களுக்கு. எழுதுமுன் டாக்டர் கட்டாயம் கேட்பார், முன்பு மாரடைப்பு வந்ததுண்டா என்று. ஊரிலிருந்து அப்பா, அம்மா ரயிலேறும்போது அந்தப் பழைய ஃபைலையும் பையில் வைக்கச் சொல்லுங்கள்.