டயட் சோடாவில் சர்க்கரையே இல்லை... அப்போ தாராளமாகக் குடிக்கலாமா?

கடையில் கூல்டிரிங்ஸ் கேட்டால் இப்போதெல்லாம் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வழக்கமானது. இன்னொன்று 'டயட்' அல்லது 'ஜீரோ சுகர்' என்று எழுதியது. வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தால், கை தானாக இரண்டாவது பாட்டிலுக்குத்தான் போகும். "இதுலதான் சக்கரையே இல்லையே" என்று ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று குடிப்பவர்களும் உண்டு. "அதைக் குடிச்சா கேன்சர் வருமாம்" என்று வாட்ஸ்அப் ஃபார்வேர்டைப் பார்த்துப் பதறுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே பாதி உண்மையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்ம ஊரில் சோடா என்றால் கோலி சோடாவும் பன்னீர் சோடாவும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அவற்றைப் பற்றி இல்லை. சர்க்கரைக்குப் பதிலாக செயற்கை இனிப்பூட்டி சேர்க்கப்பட்ட கோலா போன்ற பானங்களைப் பற்றி.

சர்க்கரை இல்லாமல் எப்படி இனிக்கிறது?

சாதாரண கோலா 300 மில்லி குடித்தால் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. டீஸ்பூன் கணக்கில் ஏழெட்டு! டயட் வகையில் அந்த வேலையை அஸ்பார்டேம் போன்ற ஒரு பொருள் செய்கிறது. இது சர்க்கரையைவிட சுமார் 200 மடங்கு இனிப்பு என்பதால் துளியூண்டு போட்டாலே போதும், கலோரி கணக்கில் ஏறாது. 1965-ல் அல்சர் மருந்துக்கான ஆராய்ச்சியில் இருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர், காகிதம் எடுக்க விரலை நாக்கில் வைத்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தது இது.

நீங்கள் வாங்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? லேபிளில் உள்ள எண்களைத் தேடுங்கள். 951 என்றால் அஸ்பார்டேம், 950 என்றால் அசிசல்ஃபேம் பொட்டாசியம், 955 என்றால் சுக்ரலோஸ்.

கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது?

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, அஸ்பார்டேமை '2பி' பட்டியலில் சேர்த்தது. அதாவது, 'புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும். ஆனால் ஆதாரம் குறைவு' என்று அர்த்தம். தலைப்புச் செய்திகளில் முதல் பாதி மட்டும்தான் வந்தது. அந்தப் பட்டியல் ஒரு பொருள் எவ்வளவு ஆபத்தானது என்று சொல்வதில்லை, ஆதாரம் எவ்வளவு வலுவானது என்றுதான் சொல்கிறது.

அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும் இன்னொரு நிபுணர் குழு, 'பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை' என்றது. அந்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். ஒரு கேனில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 70 கிலோ எடையுள்ளவர் தினமும் 9 முதல் 14 கேனுக்கு மேல் குடித்தால்தான் வரம்பைத் தாண்டுவார். அவ்வளவு யாரும் குடிக்க மாட்டார்கள்தான்.

ஆனால் இதே கணக்கை 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு கேனிலேயே வரம்பு வந்துவிடும். இந்தியாவில் இந்த பானங்களின் லேபிளில் 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்று பொடி எழுத்தில் இருப்பதை எத்தனை பேர் படிக்கிறோம்?

வெயிட் குறையுமா?

இங்கேதான் ஆய்வுகள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. அமெரிக்காவில் எடை குறைப்புப் பயிற்சியில் இருந்த சுமார் 300 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தண்ணீரும் இன்னொரு பிரிவுக்கு டயட் பானமும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் டயட் பானம் குடித்தவர்களே அதிகம் இளைத்திருந்தார்கள். ஆச்சரியமாக இருக்கிறதா? அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க குளிர்பான நிறுவனங்களின் சங்கம். அதற்காக முடிவு பொய் என்றாகிவிடாது. ஆனால் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீண்டகாலத் தரவுகளைப் பார்த்த உலக சுகாதார நிறுவனம், 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது.

இதயத்துக்கு ஆபத்தா?

2019-ல் மாதவிடாய் நின்ற 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு முடிவு வெளியானது. தினமும் இரண்டு அல்லது அதற்கு மேல் டயட் பானம் குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட பக்கவாதம் வரும் வாய்ப்பு 23 சதவீதம் அதிகமாக இருந்தது. பயமுறுத்தும் எண்தான். ஆனால் ஒரு சிக்கல். டயட் சோடாவைத் தேடிப் போவது யார்? பெரும்பாலும் ஏற்கெனவே உடல் எடையோ சுகரோ கூடியவர்கள். அவர்களுக்கு பக்கவாத ஆபத்தும் ஏற்கெனவே அதிகம். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்ப்பார்கள், முழுசாகக் கழிக்க முடியாது. குடித்ததால் வந்ததா, வரக்கூடியவர்கள் குடித்தார்களா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் மட்டும் நிரூபிக்க முடியாது.

2022-ல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 120 பேரிடம் நேரடியாகவே சோதித்தது. சாக்கரின், சுக்ரலோஸ் எடுத்தவர்களுக்கு இரண்டே வாரத்தில் உடல் சர்க்கரையைக் கையாளும் விதம் மாறியது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மாறியதுதான் காரணம் என்கிறார்கள். அஸ்பார்டேம் எடுத்தவர்களிடம் சர்க்கரை அளவில் அப்படிப் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆக, எல்லா இனிப்பூட்டியும் ஒன்றல்ல.

பல்லுக்கு வரும் பாதிப்பில் இந்தக் குழப்பமே கிடையாது. சர்க்கரை இல்லாவிட்டாலும் கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, அது பல் எனாமலை அரிக்கும். நாள் முழுக்க சிப் சிப்பாகக் குடிப்பது இன்னும் மோசம். குடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள், உடனே பிரஷ் பண்ண வேண்டாம்.

சரி, குடிக்கலாமா கூடாதா?

எதற்குப் பதிலாகக் குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தினமும் சாதாரண கோலா குடிப்பவர் டயட்டுக்கு மாறினால் லாபம்தான். தண்ணீரும் மோரும் குடித்துக்கொண்டிருந்தவர் 'ஹெல்த்தி' என்று நினைத்து டயட்டுக்கு மாறினால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. மதுவோடு டயட் பானத்தைக் கலந்தால், சர்க்கரை பானத்தோடு கலப்பதைவிட போதை அளவு அதிகமாக ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சுகர் இறங்கினால் டயட் கோலா கொடுக்காதீர்கள்

இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு திடீரென்று 'லோ சுகர்' ஆகலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும். அந்த நேரம் அவசரத்தில் ஃப்ரிட்ஜில் இருக்கும் டயட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் சுகர் கொஞ்சமும் ஏறாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது சாதாரண கோலா 150 மில்லி கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.