விடுபட்ட இரண்டா, சேர்ந்த இரண்டா? 1897 ஏலமலை அறிவிக்கையும் 1980 அவசரச் சட்டமும்

திருவிதாங்கூர் அரசு 1897 ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்ட அறிவிக்கை ஏலமலையில் எவ்வளவு நிலத்தைக் காப்புக்காடாக்கியது? 15,720 ஏக்கர் என்பது ஒரு பாடம். 2,15,720 ஏக்கர் என்பது இன்னொரு பாடம். இரண்டுக்கும் இடையே சரியாக இரண்டு லட்சம் ஏக்கர் நிற்கிறது. போடிமெட்டு ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக ஏலத்தோட்டம் வைத்திருக்கும் போடி, தேவாரம், கம்பம் குடும்பங்களுக்கு அந்த முன்னால் நிற்கும் ‘2’ வெறும் எண் அல்ல. தோட்டத்தில் நிற்கிறோமா, காட்டை ஆக்கிரமித்து நிற்கிறோமா என்பதை அதுவே தீர்மானிக்கும் என்ற நிலை இன்று வந்துவிட்டது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆட்சித் தலைவர் ஒருவர் கையெழுத்திட்டு வெளியிடும் ஆணை, வெளியான நாளில் தன் முழுப் பொருளைப் பெற்றுவிடுவதில்லை. பின்னால் வரும் வேறொரு ஆணை அதைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அதன் எடை கூடுகிறது. 1897-இல் மூலம் திருநாள் மகாராஜாவின் அரசு வெளியிட்ட தாளுக்கு இன்றுள்ள வலிமையைத் தந்தது, 83 ஆண்டுகள் கழித்துக் குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி பிறப்பித்த ஓர் அவசரச் சட்டம் என்பது என் வாதம்.

நான் மாறுபடும் வாசிப்பு, ‘ஒன் எர்த் ஒன் லைஃப்’ என்ற சூழலியல் அமைப்பு 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. ஏலமலை முழுவதும், அதாவது 2,15,720 ஏக்கரும், 1897-லேயே காப்புக்காடாகிவிட்டது. அதன்பின் அங்கே கொடுத்த பட்டாக்களும் நடந்த நிலமாற்றங்களும் காட்டைக் கரைத்த வேலை என்பது அதன் சாரம். அந்த மனுவின் பின்னிருக்கும் கவலை எனக்கும் உண்டு. நிழல் மரம் போன இடத்தில் ஏலமும் போகிறது என்பது மலையேறும் எவருக்கும் தெரியும். ஆனால் கவலை நியாயமாக இருப்பதாலேயே ஆவண வாசிப்பும் சரியாகிவிடாது. 1980-க்குப் பிறகு ‘காப்புக்காடு’ என்ற சொல்லுக்குக் கிடைத்த பொருளை அந்த வாசிப்பு 1897-க்குள் கொண்டுபோய் வைக்கிறது. என் மறுப்பு அந்த இடத்தில்தான்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். கடைசி ஐந்து இலக்கங்கள் இரண்டு பாடங்களிலும் ஒன்றே என்பதால், ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. எது எதிலிருந்து என்பதுதான் கேள்வி. ஆங்கில முறையில் மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளியிட்டு 215,720 என்று எழுதினால், அச்சுக் கோர்ப்பவர் கையிலிருந்து ஒரே ஓர் எழுத்து தவறினால் போதும். 15,720 என்று குறையே தெரியாத எண் நிற்கும். நம் முறையில் 2,15,720 என்று எழுதினால் இலக்கத்தோடு காற்புள்ளியும் சேர்ந்து போக வேண்டும். இரண்டு அச்சுகள் ஒருசேர விழுந்து, எஞ்சியது ஒழுங்காக நிற்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் வாய்ப்புக் குறைவு. சேர்த்தலுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஆங்கில முறை எண்ணின் முன் ஒரு ‘2’ போதும். நம் முறையில் ‘2’-உம் ஒரு காற்புள்ளியும் வேண்டும். ஆகவே விடுபட்டதா சேர்க்கப்பட்டதா என்று வாதிடும் எவரும், அந்தக் காலத்து அரசிதழின் பிற பக்கங்களில் லட்சங்கள் எப்படி அச்சாகின என்பதை முதலில் பார்க்க வேண்டும். எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு பேசுவதில் பயனில்லை.

அடுத்தது பரப்பு. 15,720 ஏக்கர் என்றால் ஏறத்தாழ இருபத்து நான்கரைச் சதுர மைல். ஏலமலைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பரப்போ 334 சதுர மைல். ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர் வீதம் பெருக்கினால் 2,13,760 ஏக்கர் வருகிறது. பெரிய பாடத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1,960 ஏக்கர் உதைக்கிறது. மலைச்சரிவில் அந்தக் கால அளவையில் இவ்வளவு பிசகு இயல்பே என்று தள்ளிவிடலாம். ஆனால் ‘720’ என்று கடைசிப் பத்து வரை எண்ணித் தரும் ஓர் ஆவணத்தில் அப்படித் தள்ளுவது எனக்குச் சுலபமாக இல்லை.

அறிவிக்கையின் எல்லை விவரிப்பைக் கொண்டு பெரிய பாடத்தை வாசிப்பவர்களின் கை இங்கே ஓங்கியிருக்கிறது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால், எல்லையே நிற்கும் என்பது நம் நீதிமன்றங்கள் பொதுவாகக் கொள்ளும் முறை. ஆகவே பெரிய பாடமே மூலப்பாடம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். அதை ஏற்றபின்னும் மனுவின் முடிவு பின்தொடர்ந்து வரவில்லை என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அறிவிக்கை வெளியான காலத்தைக் கவனிக்க வேண்டும். திருவிதாங்கூரில் ஏலக்காய் நெடுங்காலம் சர்க்காரின் தனியுரிமைச் சரக்கு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறிப் போனவர்கள் காட்டின் அடிமட்டத்தை வெட்டி, ஏலம் வளர்த்து, காய் எடுத்து, காயவைத்து, முழுச் சரக்கையும் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். விலையில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைக்கும். தொடுபுழைப் பக்கத்திலிருந்து வந்தவர்களைவிட இவர்களுக்கு மலை கிட்டம். சரக்கை மலைக்கு மேற்கே அனுப்பாமல் கிழக்கே கணவாய் வழியாக இறக்கிவிடுவதும் அவர்களுக்கு எளிது. சர்க்காருக்கு அது ஓயாத தலைவலி. அதற்காகவே ஏலமலைக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமும் சேர்ந்த ஒரு தனி சூப்பிரண்டெண்டு இருந்தார். பூஞ்சாறு ராஜாவிடம் 1877-இல் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்த ஜே. டி. மன்றோ அந்தப் பதவியில் இருந்தவர்தான்.

இந்தத் தனியுரிமை 1896-இல் முடிவுக்கு வந்தது. இனிக் காய் விளைவித்தவனுக்கே, சர்க்காருக்கு நிலவரி என்று முறை மாறியது. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறப்பதால், இது 1071-இன் கடைசியில் நடந்ததா, 1072-இன் தொடக்கத்திலா என்பதை ‘1896’ என்ற ஒற்றை எண்ணிலிருந்து எடுக்க முடியாது. அறிவிக்கையோ 1073 பிறந்த முதல் நாட்களில் வந்துவிட்டது. இடைவெளி ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு அல்லது சற்றுக் கூடுதல். எப்படியும் இரண்டையும் தனித்தனி நிகழ்ச்சியாகப் பார்க்க முடியாத அளவுக்கு நெருக்கம்.

சான்று மெலிந்திருக்கும் இடம் இதுதான். இங்கேதான் அழுத்தியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சரக்கின்மீது இருந்த பிடியை விட்ட அரசு, மறு ஆண்டே நிலத்தின் பேரில் ஓர் அறிவிக்கை கொண்டுவருகிறது. ஏலக்காரரை வெளியேற்றுவது நோக்கமாக இருந்திருந்தால், அவர்கள் மீது நிலவரி விதிப்பதில் பொருளே இல்லை. வரி கட்டும் குடியை வைத்துக்கொண்டு, மேலே நிற்கும் மரத்தையும் தரிசாகக் கிடக்கும் நிலத்தையும் தன் கையை விட்டுப் போகாமல் காத்துக்கொள்வதே அரசின் தேவை. 1893-இல் வந்த வன ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது கொல்லம் 1068-இன் 2-ஆம் சட்டம், அதற்கான கருவியை ஆயத்தமாக வைத்திருந்தது. தனியுரிமை போன இடத்தை நிரப்ப வந்த வருவாய்க் காப்பு என்றே அந்த அறிவிக்கையை நான் வாசிக்கிறேன். ஏலக்காரர்கள் தங்களுக்கு ஆதரவாகக் காட்டும் 1822-ஆம் ஆண்டு அரச விளம்பரமும் இதே ஓட்டத்தில்தான் இருக்கிறது: பயிரிடுபவனை மலையில் தக்கவைப்பது.

பின்னால் நடந்ததும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 1935-இல் திருவிதாங்கூர் அரசே ஏல விதிகளை வகுத்து, அந்த மலையில் ஏலத்துக்கென்று நிலம் கொடுத்தது. போர்க்கால உணவுப் பஞ்சத்தில், 1940-களில், உணவுப் பயிருக்காகவும் மலை திறந்துவிடப்பட்டது. முழு மலையையும் மூடிய காடாக 1897-லேயே ஓர் அரசு அறிவித்திருந்தால், அதே அரசு நாற்பது ஆண்டுக்குள் தன் ஆணையை மறந்துபோனதாகக் கொள்ள வேண்டும். மறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல்லுக்கு அன்று அந்தப் பொருள் இல்லை.

நிலம் வருவாய்த் துறைக்கு, மரம் வனத்துறைக்கு என்ற இரட்டைக் கட்டுப்பாடு அந்த மலையில் இன்றும் நீடிக்கிறது. ஓர் ஏலத்தோட்டத்துக்குள் குனிந்து நின்றால் இது கண்ணுக்கே தெரியும். தூரடியிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்ந்து கிடக்கிறது சரம். அதில்தான் பூவும் காயும். அதற்குக் கந்தாயம் வருவாய் அலுவலகத்தில். தலைக்கு மேலே முப்பது, நாற்பது அடியில் நிழல் மரத்தின் கிளை. தென்மேற்குப் பருவமழைக்கு முன் அதைக் கவாத்து செய்யாவிட்டால் சரத்துக்கு வெளிச்சம் கிடைக்காது, அழுகல் வரும். அந்த மரம் வனத்துறையுடையது. ஒரே குழியில் வேர் பின்னிக் கிடக்கும் செடிக்கும் மரத்துக்கும் வேறு வேறு எஜமானர்கள். இந்த ஏற்பாட்டின் வேர் 1896–97-இன் அந்த இரட்டை நடவடிக்கையில் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

வெளியுலகத்தோடு வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை நெஞ்சைத் தொடுகிறது. அதே 1897-இல், பிப்ரவரி 22 அன்று, பதவியை விட்டு இறங்கப்போகும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து ஒரே நாளில் பதின்மூன்று காப்புக்காடுகளை அறிவித்தார். மொத்தம் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் ஏக்கர். மேற்கு மாநிலங்கள் கொதித்தன. அந்நாட்டுப் பேராயம் ஜூன் 4-க்குள் சட்டம் இயற்றி, அந்த அறிவிப்புகளைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்ததோடு, காப்புக்காடு என்பது எதற்காக என்பதையும் எழுத்தில் வரையறுத்தது. தலைவரின் ஆணைக்கு நான்கு மாதத்துக்குள் மறுமொழி வந்துவிட்டது. திருவிதாங்கூரில் 1888-லிருந்தே சட்டசபை உண்டு. ஆனால் மகாராஜாவின் ஆணையை நிறுத்தி வைக்கும் வலு அதற்கு இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், மதுரை மாவட்டத்தில் குடியிருந்து இந்தப் பக்கம் ஏலம் போட்டவருக்கோ எந்தச் சபையிலும் வாயில்லை. ‘எதற்காக’ என்ற கேள்விக்கு எழுத்தில் விடை இல்லாமலே அந்தத் தாள் கிடந்தது. 1956-இல் மலைத் தாலுகாக்களான தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றபோது, போடிக்காரர் தன் தோட்டத்துக்கே வெளிமாநிலத்தவரானார்.

1980 அக்டோபர் 25 அன்றுதான் அந்தத் தாள் எழுந்து உட்கார்ந்தது. நாடாளுமன்றம் கூடாத வேளையில், அரசமைப்பின் 123-ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவர் வனப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். காடுகள் 1976 திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு வந்திருந்ததால்தான் இது முடிந்தது. காப்புக்காட்டை விடுவிக்கவோ, காட்டு நிலத்தைப் பிற காரியங்களுக்குப் பயன்படுத்தவோ மாநில அரசுக்கு இனி மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அந்த டிசம்பரிலேயே அது சட்டமானது. ஆனால் நடைமுறைத் தேதி அக்டோபர் 25 ஆகவே நின்றது. 1988 திருத்தம் காட்டுக்குப் புறம்பான காரியங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியபோது, தேயிலை, காப்பி, ரப்பரோடு நறுமணப் பயிர்களும் இடம்பெற்றன. ஏலமலைக்கு இதைவிடப் பெரிய மாற்றம் இருக்க முடியாது. 1897-இல் அந்த அறிவிக்கை நிலவியதே ஏலம் நடுவதற்கு இடையூறில்லாத ஏற்பாட்டில்தான். 1988-க்குப் பின் அதே அறிவிக்கைக்குள் அகப்பட்ட நிலத்தில் ஏலம் நடுவதே காட்டுக்குப் புறம்பான செயலாகிவிட்டது. தாளில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இதன் பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. 1977 ஜனவரி 1-க்கு முன்பிருந்த குடியேற்றங்களுக்காகக் கேரளம் 1993-இல் தனி விதிகள் கொண்டுவந்தது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘காடு’ என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், அரசுப் பதிவேட்டில் காடு என்றிருந்தால் அதுவும் காடே என்றது. 2002 மனு இதன்மேல் ஏறி நிற்கிறது. 2023 திருத்தம் 1980 அக்டோபர் 25 என்ற அதே தேதியை மறுபடி அளவுகோலாக்கியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஏலமலையில் புதிய பட்டா கொடுக்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது.

‘அகராதிப் பொருள்’ என்ற இடத்தில் ஒரு மொழிச் சிக்கலையும் பதிவு செய்ய வேண்டும். நம் பக்கத்தில் சோளக்காடு, பருத்திக்காடு என்பது போலவே ஏலக்காடு. விடியலில் போடியில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகும் பெண்களைக் கேட்டால் “காட்டு வேலைக்குப் போறோம்” என்பார்கள். காய் எடுப்புக்குப் போகிறார்கள் என்று பொருள்; வனத்துக்குள் போகிறார்கள் என்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. ஏலமலைப் பதிவேடுகளை வாசிக்கும்போது, ‘காடு’ என்று எழுதியவர் எந்தக் காட்டைச் சொன்னார் என்று இடத்துக்கு இடம் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரிய பாடத்தை ஏற்றாலும் மனுவின் முடிவு வராது என்பது வரையில் எனக்கு உறுதி உண்டு. சிறிய பாடமே மூலம் என்று சாதிக்கும் தோட்டக்காரர் தரப்போடும் நான் சேரவில்லை. 334 சதுர மைலுக்கும் இருபத்து நான்கரைக்கும் உள்ள தூரத்தை அவர்கள் இன்னும் விளக்கவில்லை. அந்த இருபத்து நான்கரைச் சதுர மைல் மலையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருவர் எல்லைக்கல்லைக் காட்டிவிட்டால், எண்ணைப் பற்றி மேலே சொன்னதை நான் திரும்ப எழுதவேண்டியிருக்கும். 1896–97-ஐப் பற்றிச் சொன்னதை அல்ல.