நிலநலமும் உடல்நலமும்: தோட்ட வரலாறு கற்பிக்கும் பாடம்

கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. எங்கள் பெக்கோக் அப்பாதையிலுள்ள ஒரு சிறு நிலையம். இத்தகைய பாதைகள் காட்டைத் திறந்தன. ரப்பர் அந்நிலத்தை நிரப்பியது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் காடழித்து மரம் நட்டனர். அவர்களுள் எத்தனையோ பேரை மலேரியா கொண்டுபோயிற்று. அது விதியா, திட்டத்தின் பிழையா என்பது ஆராயத்தக்கது.

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதற்கான சான்றினை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். அவ்வாண்டிலேயே சதுப்பு நிலத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே தொழிலாளர் நோயில் வீழ்ந்தனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்னும் பேச்சும் எழுந்தது. வாட்சன் சதுப்பை வடித்துப் புதர்களை நீக்கச் செய்தார். கிள்ளானிலிருந்து மருத்துவமனையில் சேர்ந்த மலேரியா நோயாளர் தொகை 1901-இல் 334, 1905-இல் 12.

காடு அழித்து வாய்க்கால் வெட்டினால் காய்ச்சல் ஒழியும் என்பது இதனால் பெறப்பட்ட முடிவு. சமவெளித் தோட்டங்களில் அது மெய்யாயிற்று. மலைப்பாங்கான தோட்டங்களிலோ அதே மருந்து நஞ்சாயிற்று. காரணம் யாது? சமவெளிச் சதுப்பில் வாழ்ந்த அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு நிழலை விரும்புவது. காடு போனதும் அது மறைந்தது. மலையோடைகளில் பெருகும் அனோபிலிஸ் மேகுலேட்டஸ் வெயில்படும் தெளிந்த நீரை விரும்புவது. ஓடைக்கரை மரங்களை வெட்டியதும் அதற்கு விருந்து வைத்தது போலாயிற்று. பின்னர்ச் சுட்ட மண்குழாய்களை நிலத்தடியில் பதித்து ஓடைநீரை மறைக்கவும், நீர்மேல் எண்ணெய் தெளிக்கவும் நேர்ந்தது. முன்னரே அறிந்திருந்தால் அவ்வோடைகளை நிழலோடு விட்டிருக்கலாம். செலவும் குறைந்திருக்கும், உயிர்களும் மிஞ்சியிருக்கும்.

இப்பிழை மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் பலர் விட்டுவந்த தஞ்சை மாவட்டத்தையே காண்க. 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குக் காவிரி நீர் சென்றது. நெல் விளைந்தது, உடன் மலேரியாவும் விளைந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் அங்கே தங்கி ஆராய்ந்தார். புதிய பாசன நீரில் பெருகிய அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் கொசுவே நோய்க்குக் காரணமெனத் தெளிந்தது. நீரின் கணக்கு நன்கு போடப்பட்டிருந்தது. நீர் பாயும் ஊரிலுள்ள உடல்களின் கணக்கே விடுபட்டது.

இன்று மலேசியாவில் சட்டம் உண்டு. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1987-ஆம் ஆண்டு ஆணையின்படி, 1988 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு கட்டாயமாயிற்று. அம்மதிப்பீட்டினுள்ளேயே உடல்நலப் பாதிப்பையும் சேர்த்து ஆராய்வதற்கான வழிகாட்டி நூலைச் சுற்றுச்சூழல் துறை 2012-இல் வெளியிட்டது. இரண்டையும் இணைப்பது நன்றே. மலையோடையில் வாட்சன் கற்ற பாடமும் அதுதான். ஆயின் ஒரே அட்டைக்குள் இரு அறிக்கைகளைத் தைத்துவிட்டால் இணைப்பு ஆகிவிடாது. அறிக்கையைப் படித்தபின் பொறியாளரின் வரைபடம் மாறிற்றா? ஓடைக்கரை மரங்கள் தப்பினவா? வாய்க்காலின் வழி திரும்பியதா? இதுவே உரைகல். எல்லைக் கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1987 ஆணை, காட்டை விளைநிலமாக்கும் திட்டம் 500 ஹெக்டரோ அதற்கு மேலோ இருந்தால்தான் மதிப்பீடு கேட்டது. அந்த ஆணைக்குப் பதிலாக 2015-இல் புதிய ஆணை வந்தது. எனினும், கொசு ஹெக்டர் பார்த்துப் பறப்பதில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இது பழங்கதையன்று. மலேசியாவில் 2018-ஆம் ஆண்டில் மனித மலேரியா உள்ளூரில் ஒருவருக்கும் பரவவில்லை. அரிய வெற்றி அது. ஆனால் குரங்குகளிடமிருந்து காட்டுக் கொசு வழியாக மனிதரை அடையும் நோலெசி என்னும் மலேரியா நிற்கவில்லை. அது இயற்கையாக மனிதரைத் தொற்றியமை முதன்முதல் 1965-இல் பகாங்கில் அறியப்பட்டது. காட்டின் ஓரம் வெட்டப்படும் இடமே அதற்கு வாயில். எண்டாவ் ரொம்பின் காட்டை அடுத்து வாழும் பெக்கோக் மக்களுக்கு இதனினும் அண்மைச் செய்தி வேறில்லை.

பள்ளியில் நலக்கல்விக்கு ஒரு வேளை, வரலாற்றுக்கு ஒரு வேளை, அறிவியலுக்கு ஒரு வேளை என்று நாங்கள் பிரித்துக் கற்பிக்கிறோம். மணி அடித்தால் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும். நிலத்தில் அவ்வாறு மணி அடிப்பதில்லை. ஒரு மரத்தைச் சாய்க்கும்போதே, அதன் நிழலில் எது வாழ்ந்தது, அதன் வெயிலில் எது வாழப்போகிறது என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டினால், நாளை திட்டம் வரைவோர் அவர்களாகவே இருக்கும்போது அதன் பயன் விளங்கும்.