எண்சுவடி முதல் ஆண்டுத் திட்டம் வரை

கணக்குப் பாடத்தை ஓராண்டில் எவ்வரிசையில், எம்மாதத்தில் கற்பிப்பது என்பது ஆசிரியர்க்கு மட்டும் உரிய செய்தியாகத் தோன்றலாம். நம் சமுதாய வரலாற்றை உற்று நோக்கின், அது நம் வீடு ஒவ்வொன்றையும் தொடும் செய்தி என்பது விளங்கும்.

பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மணலில் எண் எழுதிப் பழகினர். பின் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என ஒவ்வொன்றாக மனனம் செய்தனர். முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 ஆகிய பின்னங்களும், எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்ற அளவைகளும் அவர்கள் நாவில் நின்றன. ஒரு படியைக் கற்றுத் தேறியவனே அடுத்த படிக்குச் சென்றான்.

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ கல்விக் கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் கூறுகிறது. எனினும் அத்திண்ணைகளில் ஏறும் உரிமை நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டது. நெல்லை விளைவித்தவர் நம்மவர். அளந்து கணக்கெழுதியவர் வேறொருவர். கூலி நெல் சரியாக அளக்கப்பட்டதா என்று கேட்பதற்கும் கணக்கறிவு வேண்டியிருந்தது.

பஞ்சமர் கல்விக்கெனச் சென்னை அரசு 1893இல் ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி கண்டார். 1919-20இல் அமைந்த தொழிலாளர் துறையும் பள்ளிகளை நடத்தியது. கதவு திறந்தது. ஆனால் அதற்குள் கல்விமுறை ஆண்டு வகுப்பு முறையாக மாறியிருந்தது. இம்முறையில் பிள்ளை தேறினாலும் தேறாவிடினும் நாட்காட்டி நகர்ந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் பின்னத்தைத் தவறவிட்டவனுக்கு விழுக்காடும் வட்டியும் இயற்கணிதமும் அடுத்தடுத்த சுவர்களாகின்றன. கற்றோர் வீட்டில் அக்குறையைத் தந்தையோ தமையனோ நிறைவு செய்வர். முதல் தலைமுறையாகப் பயிலும் பிள்ளைக்கு வீட்டில் யார் உளர்? அவனுக்குப் பள்ளியின் ஆண்டுத் திட்டமே துணை.

2012-13இல் தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு முப்பருவ முறை வந்தது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய அவ்வகுப்புகள் 2021 நவம்பரில்தான் மீண்டும் திறந்தன. அவ்விடைவெளியை நிரப்ப 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பகுத்தது. திண்ணையில் நமக்கு மறுக்கப்பட்ட அந்தப் படிமுறை, இன்று நம் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

பாடி, கொரட்டூர், அம்பத்தூர்ப் பகுதிப் பள்ளிகளுக்கு ஆண்டுத் திட்டம் எவ்வாறு அமையலாம்? சூனில் புதுப் பாடம் தொடங்குமுன் முந்தைய வகுப்பின் நான்கு செயல்களையும் வாய்பாட்டையும் சோதித்தறிதல் வேண்டும். காலாண்டுத் தேர்வுக்குள் எண்களும் பின்னங்களும் முடிதல் நன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம்; 2015 வெள்ளத்தில் பள்ளிகள் பல நாள் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. ஆதலின் இடையில் விட்டுத் தொடரத்தக்க வடிவியலும் அளவைகளும் அம்மாதங்களுக்கு ஏற்றவை. சனவரிக்குப்பின் விழுக்காடு, வட்டி முதலிய வாழ்வியற் கணக்குகளும், இறுதியில் மீள்பார்வையும் வரலாம். வாரத்தில் ஒரு பாடவேளை பின்தங்கியோர்க்கே உரியதாகுக.

படித்த இளைஞர்களே! இத்திட்டத்தில் உங்களுக்கும் பங்குண்டு. மாலையில் ஒருமணி நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாய்பாடும் பின்னமும் சொல்லிக் கொடுங்கள். அவன் எப்படியில் நிற்கிறான் என்று கண்டறிந்து அங்கிருந்தே தொடங்குங்கள். பிறர் எழுதிய கணக்கிற்குக் கைநாட்டு வைத்த காலம் போயிற்று. தன் கணக்கைத் தானே எழுதும் தலைமுறையை உருவாக்குவதே இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் ஏற்கத்தக்க உறுதி.