கள்ளும் சாராயமும்: கொழும்பில் எழுந்த ஓர் உணவுப் பிணக்கு

பண்டைத் தமிழிலக்கியங்களிலே கள், நறவு, தேறல் எனப் பலவாறு சுட்டப்படும் பானம் விருந்தோடு சேர்த்து எண்ணப்பட்டது. திருக்குறளோ கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது. அஃது உணவா, நஞ்சா என்னும் இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பு நகரிலே அரசியற் பிணக்காகவும் உருக்கொண்டது.

ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் சாராய விற்பனையுரிமை ஏலத்திற் குத்தகைக்கு விடப்பட்டது. மொறட்டுவை முதலிய கரையோர ஊர்களிற் சில குடும்பங்கள் இக்குத்தகையாற் பெருஞ்செல்வம் ஈட்டின. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் இம்முறையை மாற்றியமைத்தது. சாராயத்தினும் கள் மென்மையானது எனக் கொண்ட அரசு, கள்ளுத் தவறணைகளைத் தனியாகப் பிரித்துத் தீவெங்கும் திறந்தது. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் முன்னின்ற மதுவிலக்கு இயக்கம் இதனை வன்மையாக எதிர்த்தது. தவறணை பெருகினாற் குடியும் பெருகும் என்பதும், அரசின் நாட்டம் குடிமக்களின் நலனிலன்று, வருவாயிலேயே என்பதும் அவர்தம் வாதமாகும். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இம்மூவரும் சிறையிடப்பட்டனர்.

இப்பிணக்கின் பயனை நாள்தோறும் அனுபவித்தவன் கூலித்தொழிலாளியே. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும், நூல் நெசவு ஆலை அமைந்திருந்த வெள்ளவத்தையிலும் தமிழகத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் வந்தோர் பலர் உழைத்தனர். கள் அவர்தம் ஊர்களில் நன்கறியப்பட்ட பானம். அன்றாடக் கூலியிற் குடிக்குச் செல்லும் பங்கு உடலுக்கு எதனைத் தந்தது என்பது இங்கே ஆராயற்பாலது.

பாளையினின்று வடியும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பங்குவரை வெல்லம் உண்டு. முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்படும். அதுவே யாழ்ப்பாணத்தார் கூறும் கருப்பநீர். சுண்ணாம்பில்லையேற் சில மணி நேரத்திலேயே மதுவம் வெல்லத்தை உண்டு மதுசாரமாக்கும். அவ்வாறு விளையும் கள்ளில் மதுசாரம் ஏறத்தாழ 5 வீதம். ஒரு கிராம் மதுசாரம் 7 கலோரி தருவதாகலின், 100 மில்லிலீற்றர் கள்ளின் மதுசாரம் தருவது 28 கலோரியளவே. எஞ்சிய வெல்லம் சிறிது கூட்டும். 33 வீதச் சாராயத்தில் அதே அளவு ஏறத்தாழ 180 கலோரி தரும். ஆயினும் காய்ச்சி வடிக்கையில் மதுவமும் வெல்லமும் விற்றமின்களும் கலத்திலேயே தங்கிவிடுகின்றன. சாராயத்தின் கலோரி வெறுங் கலோரியே.

கள்ளின் மதுவத்தில் B வகை விற்றமின்கள் உள. 1920களிற் பசிபிக் சமுத்திரத்து நவுருத் தீவிற் பணியாற்றிய மருத்துவர் பிறே, கள் தடைசெய்யப்பட்டபின் சிசுக்களிடையே பெரிபெரி நோய் மிக்கதைக் கண்டு, அவ்விற்றமின் குறைவே காரணமெனக் கொண்டார். அத்தீவினர் தீட்டிய அரிசியை இறக்குமதி செய்து உண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தமிழர் பெரிதும் உண்ட புழுங்கலரிசியிலோ, அவிக்கும்போதே தயமின் மணியினுள் ஊறித் தங்கிவிடுகிறது. எனவே கள் அத்தீவினருக்கு ஈடுசெய்த குறை புழுங்கலரிசி உண்போர்க்கு அவ்வளவாக இல்லை. மிகுதியாகப் பருகப்படும் மதுசாரம் தயமின் உடலிற் சேர்வதையே தடுக்கவும் வல்லது.

கொழும்பு நுண்ணுயிரியல் நிலையத்தை நடத்திய லூசியஸ் நிக்கொல்ஸ், 1930களில் வறியோரிடையே ஆராய்ந்தபோது தவளைத்தோல் போன்ற சருமநோயைக் கண்டு, அதனை விற்றமின் A குறைவோடு தொடர்புபடுத்தினார். அக்குறையைப் போக்கும் ஆற்றல் கள்ளுக்கு இல்லை. கீரைக்கும் முட்டைக்கும் உண்டு.

ஆகவே இருதரப்பிலும் பாதி உண்மையே இருந்தது. சாராயத்தினும் கள் மென்மையானது என்ற அரசின் கூற்று பொய்யன்று. ஆனால் மென்மை வேறு, ஊட்டம் வேறு. கள்ளை முற்றும் நஞ்சென்றோர் அதன் மதுவத்தின் பயனைக் கண்டிலர். எனினும் அப்பயனைத் தவறணையில் தேடவேண்டிய தேவை தொழிலாளிக்கு இருக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது கீரையும் பருப்பும் முட்டையும் வாங்கப் போதிய கூலியே. மதுவரியைப் பற்றி நெடிது வாதிட்டோர் அக்கூலியைப் பற்றிப் பேசியது குறைவு.