சிடிக்குத்தான் காசு

"மென்பொருள் இலவசம் என்கிறீர்கள், அப்புறம் சிடிக்கு எதற்குக் காசு?" இருபது ஆண்டுகளுக்கு முன் லினக்ஸ் சிடி கைமாறிய இடங்களில் எல்லாம் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். பதில் தேட 1984-க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் பார்த்துவந்த வேலையை ரிச்சர்ட் ஸ்டால்மன் விட்டார். யாரும் பயன்படுத்தவும், திருத்தவும், அடுத்தவருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருளை எழுதவேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை இருந்தது, சம்பளம் இல்லை. அவர் எழுதிய ஈமாக்ஸ் என்ற எடிட்டரைப் பலர் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் இணைய வசதி கிடையாது. 150 டாலர் அனுப்பினால் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்புகிறேன் என்று 1985-இல் அறிவித்தார். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 1,800 ரூபாய். அந்த நாளில் அது சின்னத் தொகையா என்ன! ஆனால் வாங்கியவர் நூறு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், ஸ்டால்மனுக்கு அதற்காகப் பைசா தரவேண்டாம். அவ்வருடம் அக்டோபரில் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இந்த நாடா விற்பனையை ஏற்று நடத்தியது.

ஜெராக்ஸ் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் காகிதத்துக்கும் மையுக்கும் நின்ற நேரத்துக்கும் வாங்குகிறார். நாம் கொண்டுபோன பாட்டுக்கு அவர் விலை வைப்பதில்லை.

இந்த வித்தியாசம் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு முதலில் பிடிபடவில்லை. 1991-இல் லினக்ஸை வெளியிட்டபோது, இதைக் கொடுப்பதற்கு யாரும் காசு வாங்கக்கூடாது, கையாளும் செலவுக்குக்கூட வாங்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் பயனர் கூட்டங்களில் பிளாப்பியில் பதிந்து கொடுக்க நினைத்தவர்கள், பிளாப்பி விலையாவது வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கைக்காசு போட்டு எத்தனை நாள் ஒருவர் ஊருக்கெல்லாம் படியெடுப்பார்? 1992 பிப்ரவரியிலிருந்து லினக்ஸ், ஸ்டால்மனின் ஜி.பி.எல். உரிமத்துக்கு மாறியது. படியெடுக்கும் வேலைக்குக் கட்டணம் வாங்கலாம், வாங்கியவர் மேலும் படியெடுப்பதைத் தடுக்கமுடியாது என்பது அதன் ஏற்பாடு. மூல நிரலையும் கூடவே தரவேண்டும், அல்லது கேட்பவருக்குத் தருவதாக எழுதிக் கொடுக்கவேண்டும். லினக்ஸ் இவ்வளவு தூரம் பரவியதற்கு இந்த மாற்றமும் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

1993-இல் ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் தொகுப்பு 24 பிளாப்பிகளில் வந்தது. இருபத்துமூன்று நன்றாக ஓடி இருபத்துநான்காவது கெட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. பிறகு சிடி வந்தது. ஏறக்குறைய 480 பிளாப்பி கொள்வது ஒரே தட்டில் அடங்கியது.

ஆனால் அந்த ஒரு தட்டை நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல், விஎஸ்என்எல் மூலம். பின்னால் வந்த 56 கேபிபிஎஸ் மோடம் முழு வேகத்தில் ஓடினால்கூட, 700 எம்பி இறங்க 28 மணி நேரம். முழு வேகத்தில் அது என்றைக்கு ஓடியது? டெலிபோன் பில் தனி. அதனால் வேகமான இணைப்பு உள்ள கல்லூரியிலோ ஆபீசிலோ ஒருவர் இறக்கி, எம்டி5 என்னும் 32 எழுத்துச் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பார்த்து, சிடி சிடியாகப் பதிந்து கொடுப்பார். பாதியில் தடங்கினால் அந்த சிடி குப்பைக்குத்தான். கெட்டுப்போனதன் விலையும் அந்தச் சின்னக் கட்டணத்திலிருந்துதான் வரவேண்டும்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே பாடு. அங்கே தொலைபேசி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது, இணையமோ மெதுவானது, விலையும் அதிகம். ஷட்டில்வொர்த் அறக்கட்டளை 'ஃப்ரீடம் டோஸ்டர்' என்ற இயந்திரங்களைப் பொது இடங்களில் வைத்தது. வெற்று சிடியை நாமே கொண்டுபோய்ச் செருகி, திரையில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் பதிந்து வெளியே தள்ளும். ரொட்டி வாட்டும் டோஸ்டர் மாதிரிதான், பெயரும் அதனால்தான். காசு கேள்விக்கு இதைவிட அழகான விடை நான் கண்டதில்லை. தட்டு உன்னுடையது, சரக்கு எல்லோருடையது.

அந்த அறக்கட்டளையை நிறுவிய மார்க் ஷட்டில்வொர்த், 2002-இல் சொந்தச் செலவில் விண்வெளிக்குப் போய்வந்தவர், 2004-இல் உபுண்டுவைத் தொடங்கினார். அவர் நிறுவனம் 'ஷிப்இட்' என்ற பெயரில், கேட்டவர்களுக்கு உலகெங்கும் தபால் செலவும் வாங்காமல் சிடி அனுப்பியது. இலவசம் என்றதும் தேவையில்லாதவர்களும் கேட்டு வாங்கினார்கள். 2011-இல் அந்தச் சேவை நின்றது. அட்டை உறையோடு வந்த அந்த சிடிகளில் சில, மொட்டை மாடிகளில் வடகத்துக்கு வரும் காக்கையை விரட்டத் தொங்கின.